ஒம்பதுன்னா நொய், பத்துன்னா தோஷ்

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. காதுல சொருகியிருக்க அந்தச் சவத்த மொதல்ல எடு.

மூணு நாளா பாக்கேன். முருங்கமரத்தடியில நின்னுகிட்டு "ஆப்னி கேமொன் ஆச்சேன், ஆப்னி கேமொன் ஆச்சேன்"னு போனுகிட்ட கேட்டுகிட்டே நிக்க. அதுவும் மார்க்கு போட்டு, டிங்குன்னு மணி அடிக்குது. உங்க ஆச்சி பயந்து போயிட்டா. "பிள்ளைக்கு எந்த ஆச்சி வேணுமாம்?"னு எங்கிட்ட வந்து கேக்கா.

கல்கத்தாவுல பாலிகஞ்ச்சுல வேலையாம். நல்லா இரி. சென்னையில ரயில் ஏறிப் படுத்தா ஏறக்குறைய 1660 கிலோமீட்டரு, ஹவுரா வந்துரும். அதுக்குள்ள என்னலே இவ்வளவு ஏற்பாடு? ஏழு நாள்ல வங்காளம்னு ஒரு புஸ்தகம், அம்பது வாக்கியத்துல வங்காளம்னு இன்னொண்ணு, போனுக்குள்ள ஒரு வாத்தியாரு, அவருக்கு மாசச் சந்தா வேற. நான் போகும்போது என்னத்தக் கொண்டு போனேன்? ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கருப்பட்டிச் சிப்பம். வழியில பாசைக்குப் பதிலா ஒரு இளிப்பு. அந்த இளிப்ப வச்சே ஆறு மாசம் ஓட்டுனேன்.

1969-ல போனேன். வயசு பதினெட்டு. லேக் மார்க்கெட்டு பக்கம் நம்ம தெக்கத்திக்காரரு ஒருத்தரோட மெஸ்ஸு. அங்கன ஆட்டுக்கல்லுல மாவாட்டுத வேல. படுக்கது பாலிகஞ்ச் ஸ்டேசன் பக்கம் ஒரு ரூமுல, ஏழு பேரோட. விடியக்காலம் கரியாஹாட் சந்தையில காய் வாங்கி, ராஷ்பிஹாரி அவென்யூ வழியா மெஸ்ஸுக்குப் போகணும். இருபத்திரண்டு வருசம் அதே ரோட்டுல நடந்திருக்கேன். இப்ப சொல்லு, நானா வாத்தியாரு, அந்தப் போனா?

முதல்ல ஒரு சங்கதி. அங்கன போனதும் உன் பேரு மாறிப்போகும். பதறாத. நம்ம அகரத்த எல்லாம் அவங்க உருட்டி ஒகரமாக்கிருவாங்க. வகரம் பகரமாயிரும். சகரம் ஷகரமாயிரும். 1892-ல நம்ம கன்னியாகுமரிப் பாறையில போயி உக்காந்தாரே விவேகானந்தரு, அவரு பொறந்த ஊருலயே அவரு பிபேகானந்தோ தான். லட்சுமி அங்க லொக்கி. சேட்டை பண்ணாத ஆம்பளப் பிள்ளையக் கூட "லொக்கி சேலே"ன்னு தான் கொஞ்சுவாங்க. சேலேன்னா பையன்லே, சேலை இல்ல. சுப்பிரமணியன்னு உனக்கு நான் ஆசையா வச்ச பேரு ஷுப்ரோமோனியனாகும். நீ தப்பிச்ச. என் பேரு வேலு. வகரத்த எடுத்துட்டுப் பகரத்தப் போட்டுப் பாரு. நெல்லைக்காரனுக்கு விளக்கஞ் சொல்லணுமா? அந்தப் பேரச் சொல்லி, கூடவே ஒரு "தா"வையும் சேத்து, கரியாஹாட் சந்தையே என்னைய மரியாதையாக் கூப்பிட்டுச்சு. நான் திரும்பிப் பாத்துச் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

அந்த "தா" தான் முக்கியம். உன் அம்பது வாக்கியத்துல அது எத்தனாவதா இருக்கு? முப்பத்தெட்டாவதா? நாசமாப் போச்சு. அது தாம்லே ஒண்ணாவது. தாதான்னா அண்ணன். நம்ம சினிமாவுல அருவா தூக்குத தாதா இல்ல. கிரிக்கெட்டு ஆடுன கங்குலிய ஊரே தாதான்னு கூப்பிட்டுச்சே, அந்தத் தாதா. டாக்சிக்காரர், டீக்கடைக்காரர், பேங்குல கண்ணாடி போட்டுகிட்டு உக்காந்திருக்கவர், எல்லாரும் தாதா தான். நம்மூருல முன்னப்பின்னத் தெரியாதவர "அண்ணாச்சி"ங்கோம்லா, அது மாதிரி. பொம்பளையாளுன்னா திதி, அதாவது அக்கா. கொஞ்சம் மூத்தவங்கன்னா மாஷி. அது அம்மா கூடப் பொறந்தவ முறை. கூட்டாளியோட வீட்டுக்காரி பௌதி, நமக்கு மதினி. மாமான்னா அங்கயும் மாமா தான், அம்மா கூடப் பொறந்தவரு. இதுக்கெல்லாம் மாசச் சந்தாவா?

ரெண்டாவது பாடம் எண்ணு. உன் புஸ்தகம் "இதன் விலை என்ன?"ன்னு அழகாச் சொல்லிக் குடுத்திருக்கு. "கோத்தோ?"ன்னா முடிஞ்சது. கேட்டுட்ட. அவன் பதில் சொல்லுவான்லா? அப்ப என்ன செய்வ? திருதிருன்னு முழிப்ப. கேக்கதுக்குப் படிச்சவனுக்குக் காது வேணாமா? எனக்கு எண்ணு சொல்லிக் குடுத்தது மெஸ்ஸுல பாத்திரம் வெளக்குன பையன். நான் அத நம்ம பாசையில முடிஞ்சு வச்சுகிட்டேன். ஏக், துய், தீன், ச்சார், பாஞ்ச் வரைக்கும் இந்திப் படம் பாத்தவனுக்கே வந்துரும். ஆறு "ச்சொய்". தோசக்கல்லுல மாவு ஊத்துன சத்தம், ஆறு. ஏழு "ஷாத்", வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு விழுமே, அந்தச் சாத்து. எட்டு "ஆட்", என்னைய மாவாட்டச் சொன்னது. ஒம்பது "நொய்". பத்து "தோஷ்". ஒம்பதுல நோயும் பத்துல தோஷமும்னு வச்சுகிட்டேன். இன்னைக்கி வரைக்கும் மறக்கல.

இதுல ஒரு கூத்து. சேந்த புதுசுல ஒருத்தரு மெஸ்ஸுக்குள்ள வந்து "தோஷ் டாக்கா"ன்னாரு. நான் ஒரு தோசையக் கொண்டு வந்து வச்சேன். அவரு பத்து ரூவாத் தாளுக்குச் சில்லறை கேட்டிருக்காரு. டாக்கான்னா வங்காளதேசத்துத் தலைநகரம் இல்ல, ரூவா. நம்ம தோசைய அவங்க "தோஸா"ன்னு தகரத்த அமுக்கித் தான் சொல்லுவாங்க. அந்த மனுசன் தோசையையும் தின்னுட்டு, சில்லறையையும் வாங்கிட்டுப் போனாரு. அன்னையிலேருந்து வாடிக்கை.

எழுத்து தெரியலயேன்னு அழுதியா? பையில ஒரு பத்து ரூவாத் தாளு வச்சிருக்கியா? எடு. காந்தித் தாத்தா இல்லாத பக்கத்தத் திருப்பு. ஓரத்துல பொடிப் பொடியா பதினஞ்சு பாசையில எழுதியிருக்கா? மொத வரி அசாமி. ரெண்டாவது வரி வங்காளம், "தோஷ் டாக்கா". கீழ வந்தா நம்ம தமிழு, "பத்து ரூபாய்". அம்பது ரூவாத் தாளு, நூறு ரூவாத் தாளு, எல்லாத்துலயும் இருக்கு. ரிசர்வ் பேங்கு உனக்கு அரிச்சுவடி அச்சடிச்சு மடியில கட்டி விட்டிருக்கு. நீ அதக் குடுத்து வேற புஸ்தகம் வாங்கியிருக்க. கெட்டிக்காரன்!

சில்லறைன்னதும் ஞாபகம் வருது. "குச்ரோ". இந்தச் சொல்ல மறந்துட்டு ஊருக்குள்ள கால வைக்காத. நீ பெரிய தாள நீட்டுனா "குச்ரோ நெய்"ம்பான், சில்லறை இல்ல. ஆகாசமே இடிஞ்சு விழுந்த மாதிரி மூஞ்சிய வச்சுகிட்டுச் சொல்லுவான்.

சாப்பாட்டு விசயத்துக்கு வா. அங்கன எல்லாத்தயும் திங்கத் தான் செய்வாங்க, குடிக்கது கிடையாது. ஜோல் காபோ, தண்ணி திங்கேன். சா காபேன்? டீ திங்கியளா? சிகரெட்டும் திங்கது தான். சாயங்காலம் லேக் கரையில போயி உக்காந்து ஹாவா கூடத் திம்பாங்க, காத்த! சிரிக்காதலே. நாம மட்டும் என்னவாம், அதே காத்த "வாங்க"ப் போறோம்லா? காசு குடுத்தா வாங்குதோம்?

சோத்துக் கடையில இன்னும் வேடிக்கை. அங்கன பைஸ் ஹோட்டல்னு உண்டு, எலை போட்டுச் சோறு, பருப்பு, மீன்கொழம்புன்னு தனித்தனியாக் கணக்குப் பாக்கது. பசியோட உக்காந்து பக்கத்து எலைக்காரர் பேச்சக் கேட்டேன். "ஆர் ஏக்டு பாத் தின்." இன்னுங் கொஞ்சம் சோறு, தின். நமக்குத் தின்னா திங்கது. அவங்களுக்குத் தின்னா "குடுங்க". நானும் "தின்"னேன். வந்துச்சு. திரும்பத் "தின்"னேன். திரும்ப வந்துச்சு. வயிறு நெறையத் தெரிஞ்சுக்க வேண்டிய வங்காளம் இவ்வளவு தான். காய்கறிச் சாப்பாடு தான் வேணும்னா "நிராமிஷ்". அதுல வெங்காயம் பூண்டு கூட இருக்காது. உனக்கு அது தேவப்படாது, உங்க அப்பன் வளத்த லெச்சணம் எனக்குத் தெரியும்.

மொளகாய்க்கு என்ன பேரு தெரியுமா? லொங்கா. இலங்கைய அவங்க சொல்லுததும் லொங்கா தான். அனுமாரு தீ வச்ச ஊராச்சே, எரியாம என்ன செய்யும்? பச்சமொளகான்னா காஞ்சா லொங்கா. உன் காதுக்குக் காஞ்சதுன்னு கேக்கும், கையில பச்சையாத் தான் வரும். ஏமாந்துராத. இன்னொண்ணு சொன்னா உங்க ஆச்சிக்குச் சந்தோசம். பாந்தா பாத். பழைய சோறு! ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வச்சு, காலையில வெங்காயமும் பச்சமொளகாயும் கடிச்சுகிட்டு. அத அங்கன கேட்டு வாங்கித் தின்ன அன்னைக்கித் தான் எனக்கு ஊரு பிடிச்சுது. வாழப்பூவு மோச்சா. வாழத்தண்டு தோட். முருங்கக்காய ஷொஜ்னே டாட்டாங்காங்க. நம்ம பொரியலுக்கு என்னலே கொற? லேக் மார்க்கெட்டுல கருவேப்பிலையும் வாழ எலையும் காப்பிப் பொடியும் அன்னைக்கே கெடைச்சுது. நம்ம சனம் உத்தியோகம் பாக்கப் போயி அந்தப் பக்கம் தெருத் தெருவாக் குடியிருந்துச்சு. சர் சி.வி. ராமன் கூட 1907-ல கல்கத்தாவுக்குப் போனது கணக்கு உத்தியோகத்துக்குத் தான். 1933 வரைக்கும் அங்கன இருந்தாரு, எடையில நோபல் பரிசும் வந்துச்சு. உன்னய அதெல்லாம் கேக்கல. வாடகைய ஒழுங்காக் குடு, போதும்.

வாடகைன்னதும் "கால்". வீட்டுக்காரரு வந்து நின்னா "கால் தேபோ"ம்பாங்க. நாளைக்கித் தாரேன். நேத்தைக்கும் கால் தான், நாளைக்கும் கால் தான். எதுன்னு பேச்ச வச்சுத் தான் பிடிக்கணும். கடன்காரனுக்கு இதவிடத் தோதான பாசை எங்க கெடைக்கும்?

மெஸ்ஸுக்கு ஒரு காலேஜு வாத்தியாரு சாப்புட வருவாரு. அவரு ஒரு கத சொன்னாரு. 1800-ல வெல்லஸ்லி துரை கல்கத்தாவுல ஃபோர்ட் வில்லியம் கல்லூரின்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு, கம்பெனிக்கு வேல பாக்க வந்த வெள்ளக்கார இளவட்டங்க நம்ம பாசைகளப் படிக்கதுக்கு. அங்கன வங்காளம் சொல்லிக் குடுத்தவரு வில்லியம் கேரி. செருப்பு தைக்கிற தொழில் செஞ்சு, பெறகு பாதிரியாரானவரு. 1801-ல செராம்பூர் அச்சுக்கூடத்துல ஒரு பேச்சுப் புஸ்தகம் போட்டாரு, "கதோபகதன்"னு பேரு. அதுல என்ன இருக்குங்க? வேலையாளு அமத்துதது, துரை உத்தரவு போடுதது, கடன் குடுத்தவனும் வாங்குனவனும் பேசுதது, சந்தப் பேச்சு, மீன் பிடிக்கவங்க பேச்சு. அதுக்கும் மேல, பொம்பளையளு தெருவுல நின்னு போடுத சண்ட! ஏசுதத அப்படியே எறக்கி அச்சுல போட்டிருக்காரு பாதிரியாரு. உன் புஸ்தகத்துல என்ன இருக்கு? "வானம் நீலமாக இருக்கிறது." அத நீ யாருகிட்டலே போயிச் சொல்லப் போற? அவங்களுக்கு வானம் தெரியாதா?

"தொன்னோபாத்"னு நன்றி சொல்லப் படிச்சிருக்கியே, அதையும் கேளு. டீக்கடையில மண்ணு பாண்டத்துல, அதப் பாட்னு சொல்லுவாங்க, டீய வாங்கிட்டு அப்படிச் சொன்னா அந்த மனுசன் பயந்துருவான். நம்மூருல இட்லி வச்சவன்கிட்ட எந்திரிச்சு நின்னு "நன்றி, வணக்கம்"னா எப்படியிருக்கும்? மேடையில சொல்லுதது அது. "டீக் ஆச்சே"ன்னு தலைய ஆட்டு, சரியாப் போச்சு. நம்ம "ஆச்சு"வே அதுக்குள்ள இருக்குத மாதிரி இருக்குலா?

"கேமொன் ஆச்சேன்" விசயத்துலயும் சூதானமா இரி. நல்லா இருக்கியளான்னு கேட்டா "பாலோ"ன்னு சொல்லிட்டுப் போறவங்களும் உண்டு. சில பெரிய மனுசங்க நெசமாவே பதில் சொல்லுவாங்க. ராத்திரி தின்ன லுச்சி, நெஞ்செரிச்சல், ஒம்பொல்னு ஒரு வியாதி, அதாம்லே புளிச்ச ஏப்பம், டாக்டரு குடுத்த மாத்திர, அது கேக்காம மாத்துன மாத்திர. ஆபீசுக்கு நேரமாச்சுன்னு நீ நெளிவ. கேட்டது யாரு? நீ தான?

பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரு ஒண்ணு சொல்லுவாரு, "பேச்சோனேர் திகே எகியே ஜான்". பின்பக்கமா முன்னேறுங்க! இதுக்கு எந்தப் போனு வழி சொல்லும்? நான் முன்னயும் போகாம பின்னயும் போகாம நடுவுல நின்னு ஏச்சு வாங்கியிருக்கேன். எறங்கணும்னா "பாந்தே". அதிலயும் அவசரம்னா பஸ்ஸத் தட்டு, பாசையே வேணாம்.

இப்ப ஒரு வெக்கக்கேடு சொல்லுதேன், ஆச்சிகிட்டச் சொல்லிராத. அங்கன மரியாதைக்கு மூணு படி உண்டு. ஆப்னி, தூமி, துய். நமக்கு நீங்க, நீ. அதுக்குங் கீழ "ஏலே"யச் சேத்தா மூணாச்சுன்னு வச்சுக்க. நான் பாசை படிச்சது அடுப்படியில, பயலுக கூட. அங்கன எல்லாம் துய் தான். பாலிகஞ்ச்சுல ஒரு வீட்டுக்குத் தோச மாவு கொண்டு போயிக் குடுக்கணும். வீட்டம்மா பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவங்க, தல பூரா வெள்ள. நல்ல மரியாதையா நடந்துக்கணும்னு நெனச்சு, படியேறி நின்னு, "துய் கேமொன் ஆச்சிஷ்?"னு கேட்டேன். என்னலே, எப்படி இருக்கன்னு கேட்ட மாதிரி! அந்தம்மா கண்ணாடியக் கழத்துனாங்க. வீட்டுல இருந்த அத்தன பேரையும் கூப்பிட்டாங்க. "திரும்பச் சொல்லு"ன்னாங்க. நானும் பெருமையாச் சொன்னேன். அன்னைக்கி அந்த வீட்டுல ஒருத்தரும் சோறு திங்கல, சிரிச்சே வயிறு நெறஞ்சிருக்கும். பெறகு உக்கார வச்சு, சந்தேஷ் மிட்டாய் குடுத்து, சொல்லிக் குடுத்தாங்க. "காளிய மட்டும் பாட்டுல துய்ன்னு கூப்பிடலாம். நான் இன்னும் காளி ஆகல"ன்னாங்க. அன்னையிலேருந்து தெருநாயக் கூட ஆப்னின்னு தான் கூப்பிட்டேன்.

ஒரு நிம்மதி சொல்லுதேன். இந்தி மாதிரி நாற்காலி ஆணா, மேச பெண்ணான்னு மண்டையப் பிச்சுக்க வேணாம். அவன், அவள் வித்தியாசமே கெடையாது, ரெண்டுக்கும் "ஷே" தான். உன் இங்கிலீசு மூளைக்கு அது பொம்பளையாளுன்னு கேக்கும், அத நம்பி யாரையும் தேடிப் போயிராத. வினைச்சொல்லு நம்மள மாதிரியே கடைசியில வரும். "ஆமி பாங்லா ஜானி நா", நான் வங்காளம் அறியேன். ஒண்ணுக்கொண்ணு அப்படியே உக்காருது பாத்தியா?

உனக்காவது தேவல. கீழத்தெரு பிள்ள ஒண்ணு பிலிப்பைன்ஸுக்கு டாக்டருக்குப் படிக்கப் போயிருக்கா, தவாவ் ஊருக்கு. அங்கன செபுவானோன்னு பாசையாம். லீவுக்கு வந்தப்ப அவகிட்டயும் கேட்டேன், எந்த வார்த்தைல தாயீ பொழைக்கன்னு. "லாமி"ன்னா ருசியா இருக்காம், "சலாமாத்"னா நன்றியாம். ஒரு வீட்டு வாசல்ல போயி நின்னா "ஆயோ!"ன்னு கூப்பிடணுமாம். நம்மூருல "ஐயோ"ன்னு வாசல்ல நின்னா எழவு வீட்டுக்குத் தெரு கூடிரும். அங்கன அப்படிக் கூப்பிட்டாச் சிரிச்சுகிட்டே கதவத் தொறக்காங்களாம். அந்தப் பிள்ளையும் அம்பது வாக்கியத்தோட தான் போனா. "எது தாயீ ஒதவுச்சு?"ன்னேன். "சாப்பிட்டியான்னு கேக்கது தான் தாத்தா"ன்னா. "நிகாவோன் நா கா?"வாம். நான் அத ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன், பல்லு செட்டு கழண்டு வந்துச்சு.

கெளம்பும்போது சொல்லுததுக்கு என்ன படிச்சிருக்க? "பிதாய்"யா? சீச்சீ. வீட்டுலேருந்து எறங்கும்போது நாம போறேன்னு சொல்லுவமா? போயிட்டு வாரேன்னு தான சொல்லுவோம்? அவங்களும் போறேன்னு சொல்ல மாட்டாங்க. "ஆஷ்சி"ம்பாங்க. வாரேன். போகும்போதே வாரேன்! பதிலுக்கு வீட்டுக்காரங்க "எஷோ"ம்பாங்க, வா. 1991-ல நான் கடைசியாப் பெட்டியக் கட்டுன அன்னைக்கி கரியாஹாட்டுல கீர விக்கவ ஒருத்தி, கேனிங் லோக்கல் ரயில்ல வாரவ, அவகிட்டயும் "ஆஷ்சி"ன்னேன். அவ கட்டு கட்டிகிட்டே, நிமிந்து கூடப் பாக்காம "எஷோ"ன்னா. மறுநாளும் கீர வாங்க வருவேன்னு நெனச்சிருப்பா.

சரி, போனு ஆறு மணிக்கு மணியடிக்குமே, போயி மார்க்கு வாங்கு. அதுக்கு முன்ன இன்னும் ஒரே ஒரு வாக்கியம் எழுதிக்க, உன் புஸ்தகத்துல இருக்காது. மார்கழி வாக்குல கரியாஹாட் பக்கம் ஏதாவது மிட்டாய்க் கடையில நின்னு "நோத்துன் குட் எஷேச்சே, தாதா?"ன்னு கேளு. புது வெல்லம் வந்துட்டான்னு அர்த்தம். ஈச்சமரத்துப் பதனியக் காய்ச்சுதது, நோலேன் குட்னு பேரு. நம்ம உடன்குடிக் கருப்பட்டிக்குக் கிட்ட வராது தான், ஆனாலும் பரவால்ல. அவரு "எஷேச்சே"ன்னு சொன்னா ஒரு கிலோ வாங்கிட்டு வா. உங்க ஆச்சி கேட்டா ஆபீசு பைலுன்னு சொல்லு. போன மாசந்தான் எனக்குச் சக்கர எரநூத்தி நாப்பது இருக்குன்னு டாக்டரு அவகிட்டப் போட்டுக் குடுத்துட்டாரு.